கியர் ஆயில் மாற்றிய காலை

பவானிக்கு மேற்கே, வாய்க்கால் திரும்பும் இடத்தில், மஞ்சள் காடுகளுக்கு நடுவே ஓட்டு வீடு ஒன்று இருக்கிறது. வாசலில் பெயர்ப் பலகை கிடையாது. கோதைநாயகி என்ற ஆசிரியை அங்கே இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் யார் வந்தாலும் உட்கார்ந்து பேசுவார். மற்ற நாட்களில் யார் வந்தாலும் வேலை கொடுப்பார்.

அவரோடு நிரந்தரமாகத் தங்கியிருந்த சீடர்கள் இரண்டே பேர். ஒருவர் ரங்கசாமி. தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், காது மந்தம். இன்னொருவர் செங்கோடன். ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருந்தவர்.

செங்கோடன் ஆசிரியையைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். செங்கோடன் ஆசிரியையை அம்மா என்பார். ஆசிரியை செங்கோடனை அண்ணா என்பார்.

வாசலில் வேப்ப மரத்தடியில் ஒரு கார் நிற்கும். ஒருகாலத்தில் அது செங்கோடனுடைய கார்.

முழங்கால் வலி வந்து கிளட்ச் மிதிக்க முடியாமல் போனபோது அவர் அதை வாங்கினார். ஆட்டோமேட்டிக் வண்டி. கிளட்ச் கிடையாது. கியரில் இருக்கும்போது பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் தானாகவே மெல்ல நகரும். அதற்கு அவர் பழகுவதற்குள் அந்தச் சம்பவம் நடந்துவிட்டது.

ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வீட்டுக்கு வந்திருந்தார்கள். வண்டி உள்ளே நுழைந்ததும் அவர் மனைவி மயிலாத்தாள் இறங்கி, பின்னால் கேட்டைச் சாத்திக்கொண்டிருந்தார். வண்டி கொஞ்சம் கோணலாக நின்றதால் செங்கோடன் ரிவர்ஸ் எடுத்துச் சரிசெய்தார். நிறுத்தத்துக்கான 'பி' கியரில் போட்டுவிட்டதாகத்தான் நினைத்தார். கீழே கிடந்த தாம்பூலப் பையை எடுக்கக் குனிந்தபோது கால் பிரேக்கைவிட்டு விலகியது. வண்டி பின்னால் போனது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. கேட்டுக்கும் வண்டிக்கும் நடுவில் மயிலாத்தாள் நின்றிருந்தார்.

இடுப்பெலும்பும் தொடை எலும்பும் முறிந்தன. ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் அவர் கணவரிடம் சொன்னார்: "கை தவறிப்போச்சு. விடுங்க. போய் ஒருவாய் சாப்பிடுங்க."

அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. சில மாதங்களில் எழுந்து நடந்தார். ஊன்றுகோல் மட்டும் நிரந்தரமாகிவிட்டது.

செங்கோடனால் விட முடியவில்லை. காரைக் கண்ணில் பார்க்கக் கூடாது என்று கோதைநாயகியின் இடத்துக்குக் கொடுத்துவிட்டார். அக்கம்பக்கத்தில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குப் போக உதவும் என்று அவரும் வாங்கிக்கொண்டார். அடுத்த வருஷம் மண்டியைத் தம்பி மகன் கையில் ஒப்படைத்துவிட்டு, ஒரு பையோடு செங்கோடனே அங்கே வந்து சேர்ந்தார். வீட்டில் ஊன்றுகோல் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது, உட்கார முடியவில்லை என்றார். கோதைநாயகி அவருக்கு ஓர் அறையைக் காட்டினார்.

ஆக, அவர் பார்க்க வேண்டாம் என்று கொடுத்த கார் தினமும் அவர் கண்ணெதிரே நின்றது. அவர் வாசலைப் பெருக்குவார். மரத்தடியை மட்டும் விட்டுவிடுவார். வண்டியில் ஏறவே மாட்டார். பவானிக்குப் போக வேண்டியிருந்தால் பஸ்ஸில் போவார்.

அமாவாசைதோறும் மயிலாத்தாள் வருவார். வாய்க்கால் பாலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, மண் பாதையில் ஊன்றி ஊன்றி நடந்து வருவார். ஏதாவது செய்து எடுத்து வருவார். செங்கோடன் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவார். பிறகு காட்டுக்குப் போய்விடுவார்.

ஒருமுறை மயிலாத்தாள் ஆசிரியையிடம் சொன்னார்: "அவரு என்னையப் பாக்கறதே இல்லீங்கம்மா. என்ற காலைத்தான் பாக்கறாரு."

"ஆமாங்கக்கா. நானும் பாத்தேன்" என்றார் கோதைநாயகி.

ஆடி அமாவாசைக்கு மயிலாத்தாள் வந்தபோது கையில் எப்போதும் பலகாரம் கொண்டுவரும் தூக்குப்போசி இல்லை. நேராகக் கணவர் எதிரில் போய் உட்கார்ந்தார்.

"ஓசூர்ல பெரியவன் கூப்பிடறான். ஆவணி பொறந்ததும் வீட்டைப் பூட்டிட்டுப் போயிரலாம்னு இருக்கறேன். ஒத்தையில முடியலீங்க. நீங்க வர்றதா இருந்தாச் சொல்லுங்க, இருக்கறேன்."

"நீ அவன்கிட்டப் போறதுதான் நல்லது."

"நல்லதா கெட்டதான்னு நான் கேக்கலை. வர்றீங்களான்னு கேட்டேன்."

செங்கோடன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே மழை பிடித்துக்கொண்டது. பஸ்ஸுக்கு நடக்க முடியாது என்று ஆனதும் மயிலாத்தாள் அன்று அங்கேயே தங்கினார்.

மறுநாள் காலை வானம் வெளுத்திருந்தது. கோதைநாயகி அடிகுழாயில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். செங்கோடன் வந்து பக்கத்தில் நின்றார்.

"அம்மா, ஒண்ணு கேக்கலாமுங்களா?"

"கேளுங்க."

"அவ அன்னைக்கே விட்டுட்டா. எனக்கு மட்டும் ஏன் போகமாட்டேங்குது?"

கோதைநாயகி குடம் நிறையும்வரை அடித்தார். நிறைந்ததும் நிமிர்ந்தார்.

"கார் ஏத்தத்துல உதறுதுங்கண்ணா. கியர் ஆயிலை மாத்தணும். ஆயில் வாங்கி வெச்சு நாளாச்சு. நீங்க கட்டை செஞ்சு முடிச்சுட்டீங்களா?"

தான் கேட்டது அவர் காதில் விழவில்லையோ என்று செங்கோடன் நினைத்தார்.

"முடிச்சுட்டனுங்க."

"அப்ப இன்னைக்கே பாத்துரலாம்."

வண்டிச் சக்கரங்களுக்கு அடியில் கொடுக்கும் கட்டைகளைச் செங்கோடன்தான் செய்திருந்தார். பழைய ரயில் தண்டவாளக் கட்டையை நான்கு துண்டாக அறுத்து, ஒவ்வொன்றிலும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் தடுப்பாக ரீப்பர் சட்டம் அடித்திருந்தார். ஒரு ரீப்பர் போதும் என்று கோதைநாயகி சொல்லியிருந்தார். இவர் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு அடித்திருந்தார். ஆணிகளும் நீளமானவை.

கோதைநாயகி புடவைமேல் பழைய ஆண் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தார். அவர் அப்பா சங்ககிரியில் லாரி பட்டறை வைத்திருந்தவர். ஸ்பேனர் பிடிப்பது அவருக்குப் புதிதல்ல. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் புதிது. பட்டறையை இப்போது நடத்தும் தம்பியிடம் போனில் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார்.

முதலில் வண்டியைப் பாலம் வரைக்கும் ஓட்டிப் போய்விட்டு வந்தார். ஆயில் சூடானால்தான் நன்றாக வடியும். பிறகு ஒவ்வொரு சக்கரமாக ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் கட்டையைக் கொடுத்து இறக்கினார்கள். ரங்கசாமி ஜாக்கியைச் சுற்றினார். செங்கோடன் கட்டையைத் தள்ளினார். பின் சக்கரங்களுக்கு வந்தபோதும் அவர் பக்கவாட்டிலேயே உட்கார்ந்து கையை நீட்டித் தள்ளினார். வண்டிக்குப் பின்னால் போகவில்லை.

கோதைநாயகி சாக்கை விரித்து அடியில் படுத்தார். செங்கோடன் பக்கத்தில் குந்தி, கேட்ட ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தார்.

"மூணு போல்ட் இருக்குதுங்கண்ணா. பக்கவாட்டுல இருக்கறது ஊத்தறதுக்கு. அடியில இருக்கறது வடிக்கறதுக்கு. இந்தச் சின்னது அளவு பாக்கறதுக்கு."

"வடிக்கறதை முதல்ல கழட்டோணுமுங்களா?"

"இல்லீங்க. ஊத்தறதைக் கழட்டிட்டுத்தான் அதைத் தொடணும். எல்லாத்தையும் வடிச்ச பின்னாடி ஊத்தற போல்ட் துருப்பிடிச்சு வரலைன்னு வெச்சுக்கோங்க, வண்டி இங்கயே கிடக்கும்."

பக்கவாட்டு போல்ட் இறுகியிருந்தது. கோதைநாயகி ஸ்பேனரில் ஓர் இரும்புக் குழாயைச் செருகி, காலால் எத்தினார். இரண்டு எத்தில் அது கிறீச்சென்று இளகியது. அதன்பிறகு கீழே பேசின் ஒன்றை வைத்து அடி போல்ட்டைத் திருகினார். ஆயில் கயிறுபோல் இறங்கியது. கறுத்திருந்தது. லேசாகத் தீய்ந்த வாடை வந்தது.

"புதுசு ரத்தம் மாதிரி செவப்பா இருக்கும்" என்றார் கோதைநாயகி.

"நான் மாத்தினதே இல்லீங்கம்மா. ஆட்டோமேட்டிக்ல ஒண்ணும் பாக்க வேண்டாம், ஓட்டினாப் போதும்னாங்க."

"யாரு சொன்னது?"

"வித்தவரு."

போல்ட்டின் நுனியில் சிறிய காந்தம் இருந்தது. அதில் சாம்பல் நிறத்தில் பசைபோல் ஏதோ ஒட்டியிருந்தது. கோதைநாயகி அதை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"தூள்தான். உடைஞ்ச துண்டு எதுவும் இல்லை. உள்ள நல்லாத்தான் இருக்குது."

ஆயில் சொட்டுச் சொட்டாக நின்றது. செங்கோடன் பேசினைப் பார்த்தார்.

"இவ்வளவுதானுங்களா?"

"பாதிதான் வரும். மீதி உள்ள அங்கங்க நிக்கும். கொஞ்சம் ஓட்டிட்டு மறுபடி ஒருக்கா மாத்திக்கலாம்."

வந்த அளவை ஒரு பழைய டப்பாவில் அளந்தார்கள். அதே அளவுக்குப் புது ஆயிலும் எடுத்தார்கள். செங்கோடன் மேலே பானெட்டைத் திறந்து புனலைப் பிடித்துக்கொண்டார். புனலிலிருந்து இறங்கிய டியூபை கோதைநாயகி கீழே படுத்தபடி பக்கவாட்டு ஓட்டையில் பிடித்துக்கொண்டார். ரங்கசாமி ஊற்றினார். வேகமா ஊத்தாதீங்க என்று இருவரும் மாறிமாறிச் சொன்னார்கள். அவர் வேகமாகத்தான் ஊற்றினார்.

ஊற்றி முடித்ததும் கோதைநாயகி வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"இனி இன்ஜினைப் போடணும். பிரேக்கை மிதிச்சுக்கிட்டு ஒவ்வொரு கியரா மாத்தணும். அப்பத்தான் புது ஆயில் எல்லா இடத்துக்கும் போகும். அப்புறம் 'பி'யில நிறுத்தி, இன்ஜின் ஓடும்போதே அளவு போல்ட்டைக் கழட்டிப் பாக்கணும். அண்ணா, ஏறி உக்காருங்க."

செங்கோடன் அசையவில்லை.

"ரங்கசாமியை உக்காரச் சொல்லுங்கம்மா."

"அவருக்கு வண்டி ஓட்டவும் தெரியாது, நான் கீழ இருந்து சொல்றதும் கேக்காது."

"அப்ப நீங்க உக்காருங்க. நான் கீழ பாக்கறேன்."

"கீழ என்ன பாக்கணும்னு தெரியுமா?"

"தெரியாதுங்க."

"மேல என்ன செய்யணும்னு தெரியுமில்ல?"

கோதைநாயகி காத்திருந்தார். அவர் முகத்தில் அவசரமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. மஞ்சள் காட்டிலிருந்து ஈர மண் வாடை வந்துகொண்டிருந்தது.

"சரிங்க. உக்காரறேன்" என்றார் செங்கோடன் கடைசியில். "ஆனா நீங்க வெளியவே நில்லுங்க. கியரெல்லாம் மாத்திட்டு, 'பி'யில போட்டுட்டு நான் சொல்றேன். அப்புறமா அடியில போய்ப் பாருங்க."

"அப்பிடியும் செய்யலாம்" என்றார் கோதைநாயகி.

பிறகு சாக்கை இழுத்துச் சரிசெய்து, மறுபடி வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

செங்கோடன் வண்டியைச் சுற்றி வந்தார். முன் சக்கரங்களின் தடுப்பைக் காலால் உதைத்துப் பார்த்தார். பின்னால் போகும்போது ஒரு கணம் நின்றார். பிறகு போய், அந்த இரண்டையும் உதைத்துப் பார்த்தார். கதவைத் திறந்து ஏறினார்.

சீட் முன்னால் தள்ளியிருந்தது. முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. சீட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டார். ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்தார். அது பழசு, பாதிதான் பிடிக்கும். கண்ணாடியைச் சரிசெய்தார். பிரேக்கில் காலை வைத்து அழுத்திக்கொண்டு சாவியைத் திருப்பினார்.

இன்ஜின் சத்தம் கேட்டதும் மயிலாத்தாள் சமையல்கட்டிலிருந்து வெளியே வந்தார். யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்க வந்தவர், வண்டிக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார்.

செங்கோடன் கண்ணாடியில் அவரைப் பார்த்தார்.

சன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"மயிலா."

அவர் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு வெகு நாளாகியிருந்தது. மயிலாத்தாள் நிமிர்ந்தார்.

"அங்க நிக்காத. இந்தப் பக்கமா வா."

மயிலாத்தாள் ஊன்றுகோலை ஊன்றி வரத் தொடங்கினார். வேப்ப மரத்தின் வேர் மேடாக இருந்தது. அதைச் சுற்றி வந்தார். அவர் வண்டியைத் தாண்டி வரும்வரை செங்கோடன் கண்ணை எடுக்கவில்லை. இடது காலை எடுத்து வைப்பதையும், வலது தோள் உயர்வதையும், நெற்றியில் ஒட்டியிருந்த முடியை அவர் புறங்கையால் ஒதுக்குவதையும் பார்த்தார். முகம் இளைத்திருந்தது.

அவர் சன்னலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"இங்க நிக்கட்டுங்களா?"

"இங்கயே நில்லு."

அடியிலிருந்து கோதைநாயகியின் குரல் வந்தது. "ஆச்சுங்களாண்ணா?"

"பிரேக்குல கால் இருக்குதுங்க."

"ஆர்ல போடுங்க."

ஆர் என்றால் ரிவர்ஸ். கை கியர் கம்பிமேல் இருந்தது. அது நகரவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. அடியிலிருந்து வேறு சத்தம் இல்லை. ஆசிரியை இரண்டாம் முறை சொல்லவில்லை.

மயிலாத்தாள் சன்னலில் குனிந்தார்.

"ஏனுங்க, அந்தம்மா எவ்வளவு நேரந்தான் அடியில படுத்திருப்பாங்க?"

செங்கோடன் கியரை இழுத்தார். வண்டி ஒருமுறை குலுங்கியது. ஆனால் நகரவில்லை.

"இருக்கட்டும்" என்றது கீழிருந்து குரல். சற்றுப் பொறுத்து, "நியூட்ரல்" என்றது. இன்னும் சற்றுப் பொறுத்து, "டி" என்றது. முன்னால் போகும் கியர் அது. வண்டி முன்பக்கமாக அழுந்தி நின்றது.

"நல்லா இருக்குது. இன்னொருக்கா."

மறுபடி ரிவர்ஸ். மறுபடி நியூட்ரல். மறுபடி 'டி'யில் போட்டபோது அவருடைய முழங்கால் விண்ணென்று வலித்தது. இவ்வளவு நேரம் மிதித்துப் பழக்கமில்லை. பாதம் பிரேக்கின் ஓரத்துக்குச் சறுக்கியது.

வண்டி நகர்ந்தது.

முன் சக்கரம் தடுப்பில் முட்டியது. மரம் முனகியது. அவர் பிரேக்கைத் தேடி மிதித்தார். மயிலாத்தாளின் கை சன்னல் விளிம்பை இறுகப் பிடித்திருந்தது.

"அம்மா, நகந்துருச்சுங்க."

"தெரியுது. கட்டையில முட்டி நின்னுருச்சு. நல்லா மிதிச்சுக்கோங்க."

"வெளிய வந்துருங்கம்மா."

"இன்னும் அளவு பாக்கலியே. நியூட்ரல்ல போடுங்க."

அவர் போட்டார்.

"இப்ப பி."

அவர் போட்டார். எழுத்தை வாய்விட்டு வாசித்தார். கையால் தடவிப் பார்த்தார். மறுபடி வாசித்தார்.

"'பி'யில இருக்குதுங்க."

"சரி. இன்ஜின் ஓடட்டும்."

ஸ்பேனர் உரசும் சத்தம் கேட்டது. பேசினில் மெல்லிய தாரையாக ஆயில் விழும் சத்தம் வந்தது. கொஞ்ச நேரத்தில் அது சொட்டாக மாறியது. மயிலாத்தாள் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "செவப்பா வருதுங்க."

"அளவு சரியா இருக்குது" என்றார் கோதைநாயகி. போல்ட்டை முடுக்கும் சத்தம் கேட்டது. "அணைச்சுருங்கண்ணா."

செங்கோடன் சாவியைத் திருப்பினார். கோதைநாயகி ஊர்ந்து வெளியே வந்தார். சட்டைக் கையெல்லாம் ஆயில். கன்னத்திலும் ஒரு கோடு. சாக்கின்மேல் உட்கார்ந்து மூச்சு விட்டார்.

"சாவியைக் குடுங்க" என்றார்.

செங்கோடன் சாவியை எடுத்துச் சன்னல் வழியாக நீட்டினார். அவர் எழுந்து வந்து வாங்கிக்கொண்டார்.

"கால் தவறிருச்சுங்கம்மா."

"ஆமா."

"நீங்க அடியில இருக்கறப்பவே தவறிருச்சு."

"ஆமாங்கண்ணா. அடியில இருந்துதானே பாத்தேன்."

"உங்களுக்குப் பயமா இல்லீங்களா?"

"இருந்துச்சு. சக்கரம் அசைஞ்சப்ப நல்லாவே இருந்துச்சு."

"அப்புறம் ஏன் வெளிய வரலை?"

"நீங்க அடிச்ச கட்டை நின்னுச்சு. வேலை பாக்கி இருந்துச்சு."

செங்கோடன் சன்னல் வழியாக எட்டிக் கட்டையைப் பார்த்தார்.

மயிலாத்தாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பஸ்ஸுக்கு நேரமாச்சுங்கம்மா. நான் கிளம்பறனுங்க."

"பஸ் வேண்டாங்கக்கா. ஆயில் மாத்தினா கொஞ்ச தூரம் ஓட்டிப் பாக்கணும். ஈரோடு போய் வந்தாச் சரியா இருக்கும். நானே ஓட்டறேன்."

அவர் ரங்கசாமியைத் தோளில் தட்டி, கட்டைகளை எடுக்க வேண்டும் என்று கையால் காட்டினார். ரங்கசாமி ஜாக்கியைத் தேடிப் போனார்.

மயிலாத்தாள் சன்னலருகிலேயே நின்றார். குனிந்து கணவரிடம் கேட்டார்:

"நீங்களும் வர்றீங்களா?"

"ஈரோட்டுக்கா?"

"வீட்டுக்குங்க."

செங்கோடன் அவர் முகத்தைப் பார்த்தார். நெற்றி, கண், வாயோரத்துச் சுருக்கம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவரும் பார்வையை விலக்கவில்லை.

"வர்றேன்" என்றார் செங்கோடன்.

மயிலாத்தாள் தலையை ஆட்டினார். ஊன்றுகோலைக் காரின்மேல் சாய்த்து வைத்துவிட்டு, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். ரங்கசாமி ஜாக்கியோடு வந்து காத்து நின்றார்.

செங்கோடன் இறங்கவில்லை.

"அண்ணா, ஆள் இறங்கினாத்தான் வண்டியத் தூக்க முடியும்" என்றார் கோதைநாயகி.

"எந்திரிக்க முடியலீங்கம்மா."

கோதைநாயகி குனிந்து உள்ளே பார்த்தார். கியர் 'பி'யில் இருந்தது. ஹேண்ட் பிரேக் இழுத்தபடி இருந்தது. செங்கோடன் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். அவருடைய வலது கால் பிரேக்கை அடிவரை அழுத்தியிருந்தது.

"காலை எடுங்கண்ணா" என்றார் அவர். "வண்டி நின்னு நேரமாச்சு."